பேனா கேட்டவருக்குக் குண்டூசி கொடுத்த சிக்கல் பற்றி

வணக்கம். அலபாமா அலுவலகத்தில் சக ஊழியர் பேனா கேட்டபோது நீங்கள் குண்டூசியை நீட்டியதற்கு உங்கள் காதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கத் தென் மாநிலத்தவர் பலர், ‘ன்’, ‘ம்’ ஆகிய மெல்லின ஒலிகளுக்கு முன்வரும் எகரத்தையும் இகரத்தையும் ஒன்றாகவே உச்சரிப்பதால், ‘பென்’ என்பது ‘பின்’ என்றும், ‘டென்’ என்பது ‘டின்’ என்றும் நம் செவியில் விழுகிறது. ‘பெட்’, ‘பிட்’ போன்ற சொற்களில் இக்குழப்பம் நேராது. (இலையைப் பேச்சில் ‘எலை’ என்னும் நாம் இதைக் கண்டு சிரிப்பதற்கில்லை.) 1930களில் ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களோடு இவ்வுச்சரிப்பு கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு வரை போயிற்று. தென்பகுதியினரே குழப்பத்தைத் தவிர்க்க ‘இங்க் பென்’ என்று விளக்கிக் கேட்பதுண்டு. ஆகவே, அடுத்த முறை ஐயம் எழுந்தால் ‘இங்க் பென்னா?’ என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.