பாக்கெட்டை அவிழ்க்கும் முன்: கடல்மீன் கேள்வி-பதில்

"சென்னையில இருந்து ராத்திரி பஸ்ஸில ஒரு ஜோடி நீமோ (கோமாளி மீன்) வருது அண்ணாச்சி. பாக்கெட்டில எத்தனை மணி நேரம் சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணி விடணும்? மூணு மணி நேரம்னு ஒருத்தர் சொல்லுதார்." (பாளையங்கோட்டை)

அவர் சொன்னபடி செய்தால் மீனுக்குத்தான் ஆபத்து. ராத்திரி முழுக்க அடைபட்ட பாக்கெட்டில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரின் பி.ஹெச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். மீன் கழித்த அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. பி.ஹெச். தாழ்ந்திருக்கும் வரை அதில் பெரும்பங்கு அம்மோனியமாக இருக்கும். அது அவ்வளவு கெடுதல் செய்யாது. ரப்பர் பேண்டை அவிழ்த்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.ஹெச். ஏறும், அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாகிச் செவுளைச் சுடும். நீங்கள் விடும் தொட்டித் தண்ணீரின் பி.ஹெச். 8.2 என்றால் அதுவும் தன் பங்குக்கு ஏற்றிவிடும். மீனைப் பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் விஷத்தில் ஊறப்போடுகிறோம்.

அதனால், பார்சல் கிளம்பும் முன்பே கடைக்காரரிடம் அவர் தண்ணீரின் உப்பு அளவைக் கேளுங்கள். புது மீனை முதலில் பிரித்து வைக்கும் தனித்தொட்டியில் அதே அளவில் தண்ணீரைத் தயாராக வையுங்கள். பார்சல் வந்ததும் விளக்கை அணைத்து, பாக்கெட்டைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். சூடு சமமானதும் வெட்டி, மீனை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து விட்டுவிடுங்கள். பாக்கெட் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

சொட்டு முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு வந்த மீனுக்கு அது நல்லது. ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு, மூன்று சொட்டு. தண்ணீர் இரட்டிப்பானதும் பாதியை இறைத்துவிட்டு இன்னொரு தடவை. முக்கால் மணி நேரம் போதும். இறால், நட்சத்திரமீன் மாதிரி உயிர்கள் உப்பு மாற்றத்தைத் தாங்காது. அவற்றுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

"தண்ணியோட உப்பு அளவு (ஒப்படர்த்தி) கடையில 1.019, என் தொட்டியில 1.025. அப்படியே விடலாமா?" (டவுண்)

வேண்டாம். கடல்மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் எப்போதும் வெளியே கசிந்துகொண்டேதான் இருக்கும்; அதை ஈடுகட்டத்தான் அது கடல்நீரைக் குடிக்கிறது. உப்புக் கூடின தண்ணீரில் திடீரென்று விட்டால் உள்ளுக்குள் வறண்டு போகும். இரண்டு நாள் நன்றாக நீந்திவிட்டு மூன்றாம் நாள் செத்துக் கிடக்கும், நமக்குக் காரணமும் விளங்காது. உப்புக் குறைவதை மீன் ஓரளவு தாங்கும், கூடுவதைத்தான் தாங்காது. தனித்தொட்டியை 1.019-ல் வைத்து, நாளுக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றுங்கள். முதலில் உங்கள் அளவுகோல் சரியா என்று பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்கு தப்பிவிடும். ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள்.

"தூத்துக்குடி உப்பு மூட்டை மூட்டையாக் கிடைக்கும்போது எதுக்கு அவ்வளவு விலைக்கு அக்வேரியம் உப்பு?" (பேட்டை)

மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். அளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அதன் பிறகுதான் பாத்தியில் நம் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சக் கசப்புத் தண்ணீரோடு வடிந்து போகும். ஆக மூட்டையில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. குழம்புக்கு அது போதும். மீனுக்கு, லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள கடல் வேண்டும். கடல்நீரையே கொண்டுவருவதானால் புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி கலக்கும் இடத்தில் பிடிக்காதீர்கள், உப்பு நீர்த்திருக்கும்.

"புது மீன் பாறைக்குப் பின்னாலேயே இருக்கு, தீனி எடுக்க மாட்டேங்குது." (வள்ளியூர்)

எத்தனை நாளாக? இரண்டு நாள் என்றால் விட்டுவிடுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். மூச்சு வேகமாக வாங்கினால் மட்டும் உடனே அம்மோனியாவைச் சோதியுங்கள்.

"தனித்தொட்டி கட்டாயமா? வீட்டில இடம் இல்லை." (மேலப்பாளையம்)

40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில்கூட வைக்கலாம். ஸ்பாஞ்சை மட்டும் ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள், அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏறியிருக்கும். நான் ஒருமுறை "ஒரே ஒரு டாம்சல்தானே" என்று அந்தச் சின்னக் கடல்மீனை நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். பத்து நாளில் எல்லா மீன் மேலும் வெள்ளைப் புள்ளி, ஒட்டுண்ணியால் வரும் நோய். இரண்டு வருடம் வளர்த்த டாங் மீன் முதலில் போனது. அந்த ஒட்டுண்ணி ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் அழிய, தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் காலியாகப் போட வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் கணக்கு. அதைக் கொல்லும் செம்பு மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றவும் வழியில்லை, இறாலும் பவளமும் செத்துவிடும். புது மீனுக்கு 30 நாள் தனித்தொட்டி, அதில் நான் இப்போதெல்லாம் சலுகை காட்டுவதில்லை.

"உவரியில வலையில ஒரு கடல்குதிரை மாட்டுச்சு, உயிரோட இருக்கு. எப்படிப் பழக்கணும்?"

பழக்க வேண்டாம், உடனே கடலில் விட்டுவிடுங்கள். கடல்குதிரை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் வழக்கு. பவளப் பாறைக்கும் அதே சட்டம்தான். கடல்மீன் ஆசை இருந்தால் தொட்டியிலேயே குஞ்சு பொரித்த நீமோவைக் கேட்டு வாங்குங்கள். அது பிறந்ததிலிருந்து கண்ணாடியைப் பார்த்து வளர்ந்த மீன், பாதி வேலை மிச்சம்.