புதிதாக வாங்கிய புளூ டேங் (Blue Tang) என்ற கடல் மீனை நேரே பெரிய தொட்டியில் விடலாமா?

விடாதீர்கள். கடையில் நன்றாகத் தின்றது, உடம்பில் புள்ளி இல்லை என்கிறீர்கள். அது போதாது. 30 நாளாவது தனித்தொட்டியில் வையுங்கள்.

பயம் வெண்புள்ளி நோய்தான். அந்த ஒட்டுண்ணி செவுளில் மட்டும் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. மீனை விட்டு இறங்கி மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக் கிடந்து, பிறகு நூற்றுக்கணக்கில் கிளம்பும். புளூ டேங்குக்குச் சட்டென்று பிடித்துவிடும். உங்கள் தொட்டியில் பவளம் இருப்பதால் செம்பு மருந்தும் ஊற்ற முடியாது. பவளம், இறால் எல்லாம் செத்துவிடும். அப்புறம் எல்லா மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் தொட்டியை மீனில்லாமல் ஓட்ட வேண்டியதுதான். எனக்கு அது நேர்ந்தது. பாறைகளைக் கலைத்து மீன் பிடிக்கவே ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

ஒரு சின்னத் தொட்டி, ஹீட்டர், சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதும்.

தினமும் தீனி போடும் முன் இரண்டு நிமிடம் செவுளைப் பாருங்கள். வேகமாக அடிக்கிறதா? குழாயில் உடம்பை உரசுகிறதா? இருந்தால் உடனே அந்தச் சின்னத் தொட்டியிலேயே செம்பு மருந்து சிகிச்சை தொடங்குங்கள்.

ஒன்று மட்டும்: சின்னத் தொட்டியில் நோயை விட, மீன் கழிவால் சேரும் அம்மோனியா சீக்கிரம் கொல்லும். தினமும் சோதியுங்கள், ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். செம்பு பட்ட ஸ்பாஞ்சைத் திரும்ப சம்ப்பில் போடாதீர்கள்.