பவுண்டு, ஷில்லிங், தம்பிடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காடு எஸ்டேட் ஒன்றின் பழைய கணக்கு ஏட்டில் லண்டன் வரவு 14-17-9, 8-6-7 என்று பவுண்டில் இருக்கிறது. மொத்தம் 23-4-4 என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிக் கூட்டினாலும் அது வரவில்லை. எழுதியவர் தவறிவிட்டாரா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஏடு சரி. நீங்கள் பத்து சேர்ந்ததும் இடப்பக்கம் ஏற்றியிருப்பீர்கள். இங்கே ஒவ்வொரு பத்திக்கும் ஏற்றும் கணக்கு வேறு. வலது ஓரத்தில் பென்னி. 12 சேர்ந்தால் ஒரு ஷில்லிங். நடுவில் ஷில்லிங்; 20 சேர்ந்தால் ஒரு பவுண்டு. முதலில் 9-உம் 7-உம் 16 பென்னி. 12 போக 4-ஐ எழுதி, ஒரு ஷில்லிங்கை ஏற்றுங்கள். அடுத்து 17, 6, ஏற்றிய 1, ஆக 24 ஷில்லிங். 20 போக மீதி 4. ஒரு பவுண்டு ஏறும். 14, 8, 1 சேர்ந்து 23. கணக்குப்பிள்ளை மேல் பிழை இல்லை.

பென்னிக்கு 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். டெனாரியஸ் என்ற ரோமானிய நாணயத்தின் முதலெழுத்து அது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பவுண்டு எடை வெள்ளியை 240 பென்னியாக அடித்தார்கள். 240 என்ற எண் வந்த வழி அதுதான். கேட்கக் கோணலாக இருந்தாலும் பங்கு பிரிக்க அருமையான எண். மூவருக்குப் பிரித்தால் தலைக்கு 6 ஷில்லிங் 8 பென்னி, மிச்சமே இல்லை. ஒரு ரூபாயின் 100 காசை மூவருக்குப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

அதே ஏட்டின் ரூபாய்ப் பக்கத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 3-8-6 என்றிருந்தால் அது 3 ரூபாய் 86 காசு அல்ல. 3 ரூபாய் 8 அணா 6 பை. 12 பை ஓரணா, 16 அணா ஒரு ரூபாய். இன்றைய காசில் சொன்னால் சுமார் 3 ரூபாய் 53 காசு. 'ஒரு தம்பிடி தேறாது' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தத் தம்பிடிதான் பை. ரூபாயில் 192-இல் ஒரு பங்கு.

பவுண்டை ரூபாயாக மாற்றுமுன் ஆண்டைப் பாருங்கள். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது பவுண்டுக்கு 10 ரூபாய். பிறகு வெள்ளி விலை சரிந்தது, ரூபாயும் சேர்ந்து சரிந்தது. 1899-இலிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரை ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்னி. பவுண்டுக்கு 15 ரூபாய். 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்னி. பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. 1872-ஆம் ஆண்டு வரவை 15-ஆல் பெருக்கினால் எஸ்டேட்டின் வருமானம் ஒன்றரை மடங்காகத் தெரியும்.

கேள்வி: அதே மாதிரி ஏடுகளில் 'கினி' என்று வருகிறதே, பவுண்டுதானா?
– வாசகர், சேலம்

பதில்: பவுண்டைவிட ஒரு ஷில்லிங் அதிகம். 1663 முதல் அடித்த தங்க நாணயம். 1717-இல் 21 ஷில்லிங் என்று மதிப்பை நிலைப்படுத்தினார்கள். நாணயம் வழக்கொழிந்த பிறகும் டாக்டர், வக்கீல் கட்டணங்களைக் கினியில் சொல்வது தொடர்ந்தது. 10 கினி என்றால் 10-10-0 என்று எழுதிக்கொண்டு கூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கடை பில்லில் 500/- என்று போடுகிறோம். இந்தச் சாய்வுக்கோடும் சின்னக் கோடும் எதற்கு?
– வணிகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இதுவும் ஷில்லிங் கணக்கின் மிச்சம். 2/6 என்றால் 2 ஷில்லிங் 6 பென்னி. பென்னி இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு போட்டு 5/- என்று எழுதினார்கள். காலியாக விட்டால் யாரும் ஓர் எண்ணைச் செருகிவிடலாம். அதே பழக்கம் இங்கே ரூபாய்க்கும் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நாம் தசமக் காசுக்கு மாறினோம், பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று மாறியது. கோட்டை மட்டும் நாம் விடவில்லை.

கேள்வி: முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை 1649 ஜனவரி 30 என்று பாடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆவணத்தில் 1648 என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: இரண்டும் ஒரே நாள்தான். 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். தை, மாசி, பங்குனி மூன்றும் போகும் ஆண்டோடு சேர்ந்து, சித்திரையில் நமக்குப் புது வருஷம் பிறக்கிறதல்லவா, அப்படி. ஆகவே அன்றைய ஜனவரி 30 இன்னும் 1648-க்குள்தான். 1648/9 என்று இரட்டை ஆண்டு எழுதுவதும் உண்டு. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டதால், அங்கிருந்து வந்த கடிதமா என்றும் பாருங்கள்.

1752-இல் இன்னொரு மாற்றம்: பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, இன்று நாம் பார்க்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு வந்தார்கள். செப்டம்பர் 2 புதன்கிழமை. மறுநாள் வியாழன், செப்டம்பர் 14. தேதிதான் 11 தாவியது, கிழமை தாவவில்லை. அதற்கு முந்தைய ஆங்கில ஆவணத் தேதிக்குக் கைபேசியில் கிழமை பார்த்தால் பொருந்தாது.

கேள்வி: வெள்ளைக்காரர் என்றாலே டீ. சேலம் கலெக்டர் காக்பர்ன் மட்டும் ஏன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார்?
– வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: காக்பர்ன் சேலத்தில் இருந்தது 1820-களில். அப்போது பிரிட்டனுக்குத் தேயிலை சீனாவிலிருந்துதான் போயிற்று. அசாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு முதன்முதலாக வந்ததே 1839-இல். இந்திய மலையில் பயிரிடக் கைக்கு எட்டியது காபிதான்.

தவிர, இங்கிலாந்து டீக்கு முன்பே காபியில் ஊறிய நாடு. லண்டனின் முதல் காபிக்கடையை 1652-இல் பாஸ்குவா ரோஸே திறந்தார். ஒரு பென்னி கொடுத்தால் காபி, செய்தித்தாள், வாயடைக்காத அரசியல் பேச்சு எல்லாம் கிடைத்தன. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பர் 29-இல் காபிக்கடைகளை மூட உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பவே, அமலுக்கு வருமுன் விலக்கிக்கொண்டார். கப்பல்காரர்கள் கூடிய எட்வர்டு லாயிடின் கடையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை.

டீ வென்றதற்கு விலை ஒரு காரணம்: 1784-இல் அதன் மீதான வரி 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக விழுந்தது. வீட்டு வசதி இன்னொன்று. தேயிலைக்கு வெந்நீர் போதும். காபிக்கொட்டையை வறுக்க வேண்டும், அரைக்க வேண்டும். அன்றைய லண்டன் கடைக் காபியின் ருசியும் நமக்குப் பிடித்திருக்காது. பொடியைத் தண்ணீரோடு பானையில் போட்டுக் கொதிக்கவிட்டு, தெளிந்ததை ஊற்றினார்கள். கொதிக்கக் கொதிக்கப் பொடியின் கசப்பெல்லாம் இறங்கிவிடும். நம் பில்டரில் வெந்நீர் ஒரே தடவை, சொட்டுச் சொட்டாக இறங்குவதால் அந்தக் கசப்பு பொடியிலேயே தங்கிவிடுகிறது.