மடக்குக் கத்தி எஃகு: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மடக்குக் கத்திகளைச் சேர்ப்பதும் தீட்டுவதும் பல வருடப் பழக்கம். எஃகு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை: நல்ல கத்தியைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து: எஸ்30வி, எம்390, மேக்னாகட். மூன்றில் எது சிறந்தது?

உங்கள் கத்தி எப்படிக் கெடுகிறது என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். ஒரு கத்தி மழுங்கலாம், வாய் பல் பல்லாக உடையலாம், துருப்பிடிக்கலாம். மூன்றையும் ஒரே அளவில் தடுக்கும் எஃகு கிடையாது.

எஸ்30வி 2001இல் அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் கத்திக்கென்றே கொண்டுவந்தது. கார்பன் 1.45 சதவீதம், குரோமியம் 14, வனேடியம் 4. எம்390 போலர் நிறுவனத்தினுடையது. கார்பன் 1.9, குரோமியம் 20, வனேடியம் 4. மூன்றுமே தூள் எஃகு. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித் தூளாக்கி, பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குவார்கள். பாகு மெல்ல ஆறினால் கற்கண்டு பெரிது பெரிதாகக் கட்டும் இல்லையா? எஃகு மெல்ல உறைந்தாலும் கார்பைடு, அதாவது கார்பன் மற்ற உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் கடினத் துகள், அப்படித்தான் கட்டும். தூளாக்கினால் ஒவ்வொரு துளியும் சட்டென்று உறைந்துவிடும், கார்பைடு பொடிப்பொடியாகவே நிற்கும். வாய் எளிதில் உடையாது.

20 சதவீதம் குரோமியம் இருப்பதால் எம்390தான் துருவே பிடிக்காதது என்று பலர் நினைக்கிறார்கள். கார்பைடுக்குள் போய் மாட்டிக்கொண்ட குரோமியம் துருவைத் தடுக்காது, எஃகில் கரைந்து நிற்பதுதான் தடுக்கும். எம்390இல் கார்பன் அதிகம், அது குரோமியத்தில் நிறையவே பிடித்துக்கொள்கிறது. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வந்த மேக்னாகட்டில் குரோமியம் 10.7 சதவீதம்தான். ஆனால் கார்பனை 1.15க்குக் குறைத்து, வனேடியமும் நியோபியமும் சேர்த்து, குரோமியக் கார்பைடே மிஞ்சாதபடி கணக்குப் போட்டிருக்கிறார். அதனால் துருவை எம்390ஐ விட நன்றாகத் தாங்குகிறது, உடையாமலும் நிற்கிறது. மழுங்காமல் நிற்பதில் மட்டும் எம்390 சற்று மேலே. எனக்குப் பிடித்த கணக்கு இது.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: கொட்டான் முடைய ஓலை கிழிக்கிறேன். எந்தக் கத்தியும் ஒரு மணி நேரத்தில் மழுங்கிவிடுகிறது. எது வாங்கலாம்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன் ஆச்சி. தவறு உங்கள் கையில் இல்லை. பனை வகை ஓலைகளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, மணலுக்குள் இருக்கும் அதே பொருள். ஒவ்வொரு கிழிப்பிலும் அது வாயைத் தேய்க்கிறது. உங்களுக்கு வேண்டியது தேய்மானம் தாங்கும் எஃகு. அதைத் தருவது வனேடியக் கார்பைடு.

வனேடியம் 9 சதவீதம் உள்ள எஸ்90வி ஓலைக்கு அருமையாக நிற்கும். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவது ரொம்பச் சிரமம். கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடை விட வனேடியக் கார்பைடு கடினம். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அதனால் நீங்கள் எஸ்35விஎன் வாங்குங்கள். வனேடியம் 3, கொஞ்சம் நியோபியம். தீட்டுவது அவ்வளவு சிரமமில்லை. கூடவே சின்ன வைரத்தகடு ஒன்று. பக்கத்துக்கு 15 டிகிரி வைத்து மெல்லியதாகத் தீட்டுங்கள். ஓலை மெல்லியது, எலும்பு வெட்டப் போவதில்லை, தடித்த வாய் தேவையே இல்லை. எஃகை மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய கத்தியிலேயே இந்தக் கோணத்தைப் பாருங்கள். பாதிக் குறை அதிலேயே தீரலாம்.

தொண்டியிலிருந்து: படகில் வைத்துக்கொள்ள?

எல்சி200என். கார்பன் 0.3 சதவீதம்தான், மிச்சக் கடினத்தை நைட்ரஜன் தருகிறது. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் துருப்பிடிக்காது. அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். கடலுக்கு அதுவே சரி.

எம்390 நல்லதா, 20சிவி நல்லதா?

இரண்டும் ஒரே கலவை. சிடிஎஸ்-204பியும் அதுவே. விலை பார்த்து வாங்குங்கள்.

டி2 துருப்பிடிக்காது என்று கடையில் சொன்னார்கள். எலுமிச்சை நறுக்கினேன், கறுப்புப் புள்ளி.

டி2வில் குரோமியம் 12 இருந்தாலும் கார்பன் 1.5. மேலே சொன்ன அதே கணக்கு. அது ஸ்டெயின்லெஸ் இல்லை. புளி, எலுமிச்சை, ஊறுகாய் பட்டால் உடனே கழுவித் துடையுங்கள்.

மானாமதுரையிலிருந்து: திருப்பாச்சி அரிவாளுக்கு முன்னால் இதெல்லாம் பொம்மை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் மரத்தையே சாய்க்கும். உங்கள் எஸ்90வி சாய்க்குமா?

சாய்க்காது அண்ணே. ஓங்கி வெட்டினால் வாய் உடையும். லாரிப் பட்டையில் கார்பன் 0.6 சதவீத அளவுதான், பெரிய கார்பைடு கிடையாது. அடி தாங்குவதற்கென்றே செய்த எஃகு. அரிவாளுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அதே பட்டையில் மூன்றங்குலப் பேனாக்கத்தி செய்து ஓலை கிழித்துப் பாருங்கள், சீக்கிரமே மழுங்கும்.

அவரே மறுபடி: அப்படியானால் எஸ்90வி தகட்டை எங்கள் ஆசாரியிடம் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுவார்.

செய்ய முடியாது. இது ஆசாரியின் குறையே இல்லை. லாரிப் பட்டையை 850 டிகிரி சுற்றிக் காய்ச்சித் தோய்த்தால் போதும். அந்தச் சூட்டை நிறம் பார்த்தே பிடிக்கிறார்கள். அது பெரிய வித்தை, நானே கரி உலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வியந்திருக்கிறேன். எஸ்90விக்கு 1,100 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதே சூட்டில் பல நிமிடம் அசையாமல் நிறுத்த வேண்டும். அதற்கு அளவுகருவி உள்ள மின் உலை வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் எஃகை விட உலைதானே முக்கியம்?

ஆமாம் தம்பி, இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தேன். அலகில் எம்390 என்று பொறித்திருந்தாலும், கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 57இல் விட்டிருந்தால் வாய் மடங்கும். 61இல் நிற்கும் அதே எஃகு வேறு கத்தி. 0.62 சதவீதம் கார்பன் உள்ள, விலை குறைந்த 14சி28என்னை ஒழுங்காகப் பதப்படுத்தி மெல்லியதாகத் தீட்டினால், சரியாகப் பதப்படாத விலை உயர்ந்த எஃகை விட நன்றாக வெட்டும். பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், எத்தனை ராக்வெல் என்று கேளுங்கள். மானாமதுரை அண்ணனின் ஆசாரி ஜெயிப்பதும் இங்கேதான், தன் எஃகைத் தெரிந்து பதம் வைக்கிறார்.

மேக்னாகட் நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

எஸ்30வியா, மேக்னாகட்டா?

முதல் பதில்.

சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் என்ன? ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடம்தான் கெடுக்கிறது. பெரும்பாலான கத்திகளைக் கடைசியாக 200 டிகிரி சுற்றிச் சூடாக்கி முடித்திருப்பார்கள். தண்ணீர் இல்லாத சக்கரத்தில் வாயின் நுனி நொடியில் அதைத் தாண்டிவிடும். மயிரிழை கனம்தானே, சூடு போக இடமில்லை. நீலம் தெரிந்தால் அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம். நீலம் தெரியாமலும் இளகியிருக்கலாம். என்னுடைய விஜி-10 கத்தி ஒன்றைப் பட்டறை கிரைண்டரில் அப்படித்தான் இழந்தேன். கையால், தண்ணீர் தொட்டுத் தீட்டுங்கள்.

அப்பச்சி பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஷெஃபீல்டு பேனாக்கத்தி இருக்கிறது. பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். அந்தச் சாம்பல் படிவு உள்ளே துரு இறங்குவதைத் தாமதப்படுத்தும். செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்டு மெல்லத் துடையுங்கள். சக்கரம் பக்கமே போகாதீர்கள்.

பையில் வைத்திருந்தால் சட்டப்படி தப்பா?

2016 ஆயுத விதிகளில் வரும் அளவு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். சாதாரண மடக்குக் கத்தி அதற்குள்தான். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

மடிப்புத் திருகில் தேங்காய் எண்ணெய் விடலாமா?

நாள்பட்டால் பிசுக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். விட்டபின் நாலைந்து முறை மடக்கித் திறந்து, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள்.