யாங்கோனில் கடைசி ஞாயிறு: கோயிலை விடுங்கள், பஸ் ஏறுங்கள்

யாங்கோனில் (நம் பழைய ரங்கூன்) மூன்று மாத வேலையில் அறை, ஆபீஸ், அனவ்ரத்தா சாலை மெஸ் தவிர வேறெதுவும் தெரியாது, ஷ்வேடகன் புத்தர் கோயிலும் பார்த்தாயிற்று, மிச்சமுள்ள ஒரு ஞாயிறை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2017-இல் பஸ் தடங்களை மாற்றுவதற்கு முந்தைய கதை இது. காளி கோயிலுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் எண் பர்மிய எழுத்தில் இருந்தது. இரண்டும் மூன்றும் என் கண்ணுக்கு ஒன்றுதான்! எங்கோ இறங்கினேன். பசி. தெருவோரத்தில் ஓர் அம்மா பானையில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். கை காட்டினேன். மெல்லிய அரிசி நூடுல்ஸ், அதன்மேல் கெட்டியான மீன் சாறு, உடைத்துப் போட்ட பருப்பு வடை. இடையில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தால் வாழைத்தண்டு! நம் வீட்டில் பொரியலாக வருவது மீன் சாற்றில் மிதக்கிறது. தனியாகச் சிரித்தேன், அந்த அம்மாவும் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுதான் மொஹிங்கா. அத்தனை நாள் மெஸ் சாம்பாரே கதி என்று கிடந்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். மொஹிங்கா காலைச் சாப்பாடு, சீக்கிரம் கிளம்புங்கள். தங்குமிட முகவரியைப் பர்மிய எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், இங்கே வண்டிகள் வலப்புறம் ஓடும் (நான் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்). இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் சைவமா? சொல்லவில்லையே.