ஓஸ்லோவில் நான்கு இரவு: எஃப்டியை உடைப்பதா, இஎம்ஐ எடுப்பதா?

கேள்வி: நானும் மனைவியும் கோவையில் வேலை செய்கிறோம். செலவு போக மாதம் 30,000 ரூபாய் மிஞ்சுகிறது. அவசரத் தேவைக்கு 4 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து, மே மாதத்தில், நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் ஓவியங்களைப் பார்க்க அந்நாட்டுத் தலைநகர் ஓஸ்லோ போக ஆசை. டிராவல் ஏஜென்ட் மூன்று நாடு, ஏழு நாள் பேக்கேஜை இருவருக்கும் 5.2 லட்சம் என்கிறார். இஎம்ஐயும் உண்டாம். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏழு நாளில் மூன்று நாடு என்றால் ஓஸ்லோவுக்கு ஒரு நாள் மிஞ்சினாலே பெரிது. தவிர, வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம்தான், அதுவரை பணம் முடங்கும். எஃப்டியையும் தொடாதீர்கள்.

நீங்களே ஏற்பாடு செய்தால் இருவருக்கும் சுமாராக இப்படி வரும்: விமானம் 1.5 லட்சம், விசாவும் காப்பீடும் 24,000, நான்கு இரவு ஓட்டல் 54,000, சாப்பாடு 45,000, மியூசியமும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 25,000. நார்வே பணமான குரோனரை 9 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். மாற்று விகிதம் ஏறினால் சமாளிக்க 30,000 சேர்த்தால் ஏறக்குறைய 3.3 லட்சம்.

மே மாதத்துக்குள் உங்களால் 2.4 லட்சம்தான் சேர்க்க முடியும். செப்டம்பருக்குத் தள்ளுங்கள். மே மாதம் எப்படியும் தோதுப்படாது: 17ஆம் தேதி தேசிய நாள், அதை ஒட்டி வேறு விடுமுறைகளும் வரும், பல இடங்கள் மூடியிருக்கும்.

இன்றே வங்கியில் இரண்டு ஆர்டி (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். மாதம் 20,000 வீதம் ஒன்பது மாதம் போட்டால் 1.8 லட்சம், விசா, காப்பீடு, விமானம் மூன்றும் அதில் அடங்கும். மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாத ஆர்டியும், முதல் ஆர்டி முடிந்த பின் கடைசி மூன்று மாதம் அந்த 20,000ஐச் சேமிப்புக் கணக்கில் விட்டுச் சேரும் 60,000மும் அங்கே செலவழிக்க. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்குப் பங்கு ஃபண்ட் எஸ்ஐபி கூடாது. புறப்படும் மாதத்தில் சந்தை இறங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்?

பலருக்குப் பணம் போவது, கட்டும் வரிசையைத் தப்பாகப் போடுவதால். முதலில் விசா. நார்வேயின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆளுக்கு 90 யூரோ கட்டி, பிறகு விசா விண்ணப்ப மையமான விஎஃப்எஸ்ஸில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஓட்டல் பதிவும் விமான முன்பதிவும் போதும். விமானத்துக்கு முழுப்பணம் விசா கைக்கு வந்த பிறகு.

வியாழன் போய் இறங்கித் திங்கள் கிளம்புங்கள். திங்களன்று நேஷனல் மியூசியம் மூடல். மூங்க் 1893இல் வரைந்த புகழ்பெற்ற 'அலறல்' ஓவியம் அங்கேதான் இருக்கிறது. மூங்க் மியூசியத்தில் உள்ள 'அலறல்' வடிவங்கள் வெளிச்சத்தில் கெடாதிருக்க மாற்றி மாற்றித்தான் காட்டப்படும். சற்றுக் காத்திருந்தால் அடுத்ததையும் பார்க்கலாம். ஒவ்வொரு மியூசியத்துக்கும் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 200 குரோனரை ஒட்டி வரும். ஓஸ்லோ பாஸ் என்ற சுற்றுலா அட்டை இவற்றையும் நகரப் பஸ், டிராமையும் சேர்க்கும். தேதிக் கணக்கு இல்லை, தொடங்கிய மணியிலிருந்து ஓடும். ஆகவே 48 மணி நேரப் பாஸை வெள்ளி காலை தொடங்கி, கட்டணம் உள்ள இடங்களை அந்த இரண்டு நாளில் முடியுங்கள். நாளொன்றுக்கு இரண்டு மியூசியமாவது பார்க்காவிட்டால் தனி டிக்கெட்டே மலிவு. ஞாயிறுக்கு விகலாண்ட் சிற்பப் பூங்காவும் ஓபெரா ஹவுஸ் கூரையும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். வைக்கிங் கப்பல்களை நம்பிப் போகாதீர்கள், அந்த மியூசியம் விரிவாக்கத்துக்காக மூடியிருக்கிறது. திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் பாஸின் எல்லைக்கு வெளியே. விமான நிலையத்துக்கான தனி எக்ஸ்பிரஸ் ரயிலுக்குப் பதில் 'வி' (Vy) நிறுவனத்தின் சாதாரண ரயிலில் ஏறினால் கட்டணம் ஏறக்குறைய பாதி, நேரம் சில நிமிடமே கூடும். ஞாயிறன்று பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். ரொட்டி, தயிர், பழங்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். காபி 50 குரோனர்; ரூபாயில் மாற்றிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது.

யூரோ வாங்கிப் போகாதீர்கள், இரண்டு முறை மாற்றி நஷ்டப்படுவீர்கள். ரொக்கமே அநேகமாகத் தேவைப்படாது. ஃபாரெக்ஸ் கார்டில் (முன்பணம் ஏற்றிய வெளிநாட்டு நாணய அட்டை) நார்வே குரோனர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5% மார்க்கப்பும் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம்) அதன்மீது 18% ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13% போகும், அங்கே ஓட்டல், சாப்பாடு, மியூசியம், போக்குவரத்துக்கு ஆகும் 1.24 லட்சத்துக்கு அது 5,000 ரூபாய்க்கு மேல். கடை மெஷின் 'ரூபாயிலா, குரோனரிலா' என்று கேட்டால் குரோனரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்குத்தான் மாற்றுவார்கள்.