எல்போ எத்தனை மாதம் தாங்கும்?

கேள்வி: அய்யா வணக்கம். பண்ருட்டி பக்கம் நாலு ஏக்கர். 320 அடி போர், ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், இரண்டு இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன். போர் வாயில் இருக்கும் எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஓட்டையாகிவிட்டது. தண்ணீரில் கொஞ்சம் மணல் வருகிறது. கடைக்காரர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எல்போ போடச் சொல்கிறார், கூடவே தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் ஃபில்டரும் வைக்கச் சொல்கிறார். எல்போ எத்தனை மாதம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். உங்கள் பழைய எல்போவே அளவுகோல்; இப்போது நாலு மாதம் தாங்குகிறது. மணல் இரட்டித்தால் தேய்மானமும் இரட்டிக்கும். ஆனால் தண்ணீரின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஐந்தாறு மடங்காகிவிடும். இரண்டு இஞ்ச் குழாயில் விநாடிக்கு 5 லிட்டர் போனால் வேகம் சுமார் 2.4 மீட்டர். அதே தண்ணீர் இரண்டரை இஞ்சில் 1.4 மீட்டர்தான். இந்த ஒரு மாற்றத்திலேயே நாலு மாதம் ஒரு வருஷத்துக்கு மேல் போகும். இரண்டு அளவுக் குழாய்களையும் இணைக்கும் ரெடியூசரை மட்டும் எல்போவோடு ஒட்டிப் போடாதீர்கள். நடுவே மூன்றடியாவது நேர்க்குழாய் இல்லையென்றால் தண்ணீர் பழைய வேகத்திலேயே போய் முட்டும். குட்டை எல்போவுக்குப் பதில் நீளமான பெண்டு போடுங்கள்.

கழற்றிய எல்போவைப் பாருங்கள். பெரும்பாலும் வெளிமுதுகில், வளைவு முடியப்போகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும். தண்ணீர் மணலைக் கூடவே இழுத்துக்கொண்டு திரும்புவதால் அது நேராக முட்டாமல் சாய்வாக உரசிக்கொண்டே போகிறது. இரும்பை அரம் போட்டது மாதிரி தேய்ப்பது அந்தச் சாய்வு உரசல்தான். எஸ்.எஸ். துருப் பிடிக்காது, சரி. மணலுக்கு அதுவும் ஏறக்குறைய இதே இரும்புதான். இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து அதே ஓட்டையை வாங்குவீர்கள். ஹைட்ரோசைக்ளோன் சொட்டுநீருக்கு நல்ல சாமான். ஆனால் அது எல்போவுக்கு அப்புறம் உட்காருகிறது. மோட்டாரையும் எல்போவையும் அது எப்படிக் காப்பாற்றும்? கடைக்காரருக்கு விற்க சாமான் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்துத் தெளியவிட்டு, அடியில் உள்ள மணலைக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 20 கிராம் இருந்தால் ஒரு டன் தண்ணீருக்கு 100 கிராம். பல பம்ப் கையேடுகளில் எல்லை 50 கிராம்தான். அதே விநாடிக்கு 5 லிட்டர் கணக்கில் ஆறு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்குப் பத்து கிலோவுக்கு மேல், நூறு நாளில் ஒரு டன். அந்த ஒரு டன் உங்கள் போரைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்துதான் வருகிறது. அங்கே குடைந்துகொண்டே போனால் ஒரு நாள் மண் சரிந்து கேசிங் (போரின் சுவரைத் தாங்கும் குழாய்) நசுங்கும். அன்றைக்கு எல்போ ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

உங்கள் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் போர் போடுகிறவர்கள் செய்கிற அநியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். பி.வி.சி. குழாயில் ஹேக்சா பிளேடால் கண்டபடி அறுத்து, அதையே ஸ்லாட் (தண்ணீர் உள்ளே வரும் கீறல்) என்பார்கள். சுற்றிலும் உருண்டைக் கூழாங்கல் சலித்துப் போடாமல் லாரியில் மீந்த ஜல்லியைக் கொட்டுவார்கள். போருக்குள் காற்றடித்துக் கழுவும் கம்ப்ரசரை ஒரு மணி நேரம் அடித்துவிட்டு "தண்ணி வந்துடுச்சு" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். தண்ணீர் வந்தால் போதாது, தெளிந்து வர வேண்டும். விட்டு விட்டு அடித்து, ஸ்லாட்டை ஒட்டிய பொடி மணலெல்லாம் வெளியே வந்து, கரடு மணல் மட்டும் வடிகட்டி மாதிரி நிற்கும்வரை கழுவ வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகட்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்தவர்கள்தான் பிற்பாடு வருஷா வருஷம் பம்புக்கு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) மாற்றுகிறார்கள்.

மூன்று டிரம் பிடியுங்கள்: மோட்டார் போட்டவுடன், கால் மணி கழித்து, ஒரு மணி கழித்து. முதல் டிரம்மில் மட்டும் மணல் என்றால், கரண்ட் வந்து வந்து போகும்போதெல்லாம் மோட்டாரைத் தானாகப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போரைக் குலுக்கி எடுக்கிறது. அதை ஆஃப் செய்துவிட்டு, கேட் வால்வை மெதுவாகத் திறந்து ஓட்டுங்கள். மூன்றிலும் மணல் என்றால், தண்ணீர் கால்பங்கு குறையும்வரை வால்வை மூடி இன்னொரு டிரம் பிடியுங்கள். மணல் சட்டென்று குறைந்தால் போருக்கு மீறிய மோட்டார். குறையவே இல்லையென்றால் ஸ்லாட்டோ ஜல்லியோ கெட்டிருக்கிறது. மோட்டாரைத் தூக்கி கம்ப்ரசர் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எடையையும் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆனது என்பதையும் எழுதுங்கள். அதுவரை எல்போ வாங்க வேண்டாம். ஓட்டைமேல் சைக்கிள் டியூபைச் சுற்றி கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள்.